பேராச்சி உயர்த்தி வைத்த கால்

மருதவாய்க்கால் ஊரில், ஆடித் தள்ளுபடி தொடங்குவதற்குச் சற்று முன்பு, பேராச்சியின் இடது காலிலிருந்து கெட்டுப்போன நரம்பை உருவி எடுத்து, தொடை முதல் பாதம் வரை இறுக்கிக் கட்டுப்போட்டு, அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் கட்டிலில் படுத்து, டாக்டரம்மா சொன்னபடி அந்தக் காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்த கணத்தில், கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கால்வலி விட்டுப்போனது.

சேலை விரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும், பரோட்டாக் கல்லுக்கு முன்னால் வெந்துகொண்டிருந்த மாஸ்டருக்கும், நாற்சந்தியில் கைகாட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரருக்கும், கத்தரியும் சீப்புமாகப் பிறர் தலையையே பார்த்து வயதாகிப்போன சலூன்காரருக்கும், குழாயை மூடியதும் தண்ணீர் அடங்குவதுபோல வலி அடங்கியது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. உழைக்கிறவர்களுக்கு ஒரு வலி போனால் அது ஏன் போனது என்று விசாரிக்க நேரம் கிடையாது. அடுத்த வலி வருவதற்குள் இருக்கிற வேலையை முடித்துவிடத்தான் பார்ப்பார்கள்.

பேராச்சியைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் குறைவு. தெரிந்தும் தெரியாததுபோல் போகிறவர்கள் கொஞ்சம் அதிகம். இன்று ஐந்துமாடிக் கடை என்று எல்லோரும் சொல்கிற ஜவுளிக்கடை, ஓட்டுக் கூரையும் ஒற்றைத் தளமுமாக இருந்த காலத்தில் தாவணியோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கடை ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அவள் காலில் ஒரு நரம்பு புடைத்து மேலே ஏறியது. வாங்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்து சேலை பார்ப்பார்கள். விற்கிறவளோ கடை திறந்தது முதல் சாத்துகிறவரை நிற்க வேண்டும், சுவரில் சாயக் கூடாது, அலமாரியில் முட்டுக்கொடுக்கக் கூடாது. விற்கிறவள் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அந்தத் தெரு முதலாளிகளின் நம்பிக்கை. கடவுளை நம்பாத முதலாளிகூட இதை நம்பினார்.

பேராச்சி ஒருநாள் தலைசுற்றிப்போய் ஒரு ஜவுளிக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அன்று மாலையே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் கடைவாசலில் நின்று நியாயம் கேட்கத் தொடங்கிய அவள் குரலிலிருந்துதான் கடைச் சிப்பந்திகள் சங்கம் பிறந்தது. சங்கத்தின் முதல் கோரிக்கை, நிற்கிறவளுக்கு ஒரு ஸ்டூல். கடைப்பெண்கள் உட்காருகிற நாள்வரை நானும் எந்த மேடையிலும் எந்த அலுவலகத்திலும் உட்கார மாட்டேன் என்று முதல் கூட்டத்தில் மைக்கில் சொன்னாள். கேட்டவர்கள் கைதட்டிவிட்டு மறந்தார்கள், அவள் மறக்கவில்லை. வாயிற்கூட்டத்தில் நின்றாள், மாநாட்டில் நின்றாள், மேடையில் தனக்குப் போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் அதன் காவல்காரிபோல நின்றாள், பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் அதிகாரி உட்காருங்கம்மா, உட்காருங்கம்மா என்று சலித்துப்போகும்வரை நின்றாள். பிறகு சட்டம் வந்தது. சட்டத்தோடு ஸ்டூலும் வந்தது. தொழிலாளர் ஆய்வாளர் வருகிற நாளில் சரக்குக் கிட்டங்கியிலிருந்து இறக்கிவைத்து, அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் திரும்ப ஏற்றிவிடுகிற ஸ்டூல். பேராச்சிக்குத் தலை நரைத்தபோது சங்கத்தில் ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். ஆலோசகர் என்றால் யாரும் எதையும் கேட்க வேண்டாத ஆள் என்று அர்த்தம்.

அவள் கணவர் அணைஞ்சபெருமாள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க அவர் உட்கார்ந்தார், இவள் நின்றாள். அவருக்கு முதுகு போயிற்று, இவளுக்குக் கால் போயிற்று, ரெண்டுபேரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீட்டிலிருந்த தலையணைகளை எல்லாம் அடுக்கியும் அவள் கால் நெஞ்சு உயரத்துக்கு வரவில்லை. அவர் பரணில் ஏறி, விநியோகிக்காமல் மிஞ்சிப்போன பழைய துண்டறிக்கைக் கட்டுகளை இறக்கி, தலையணைகளுக்கு அடியில் கொடுத்தார். 'நிற்கிறவளுக்கு ஒரு ஸ்டூல்' என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த அந்தக் காகிதங்கள் இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு காலைத் தாங்கவாவது உதவின.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, கறாரானவள். படுத்தால் காலைத் தூக்கி வைக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், ஒரே இடத்தில் நிற்கவும் கூடாது, ஒரேயடியாகப் படுத்துக் கிடக்கவும் கூடாது என்று சொல்லியிருந்தாள். "கெண்டைக்கால் சதைதாம்மா ரத்தத்த மேல தள்ளுது. நீங்க நடக்கலைன்னா ரத்தம் உள்ளயே கட்டிக்கிரும். அந்தக் கட்டி நகந்து நெஞ்சுக்குப் போச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல." பேராச்சி கேட்டுக்கொண்டாள். அணைஞ்சபெருமாள் மனப்பாடம் செய்துகொண்டார்.

வலி போனதற்கும் இந்தக் காலுக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டுபிடித்தவள் முப்பிடாதி. ஐந்துமாடிக் கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறவள், இப்போதைய சங்கச் செயலாளர். மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நேற்றிலிருந்து காலில் வலியே இல்லை, புதுக்கால் மாட்டினதுபோல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பேராச்சி நடப்பதற்காகக் காலை இறக்கினாள். முப்பிடாதி தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேராச்சி கூடத்தில் நடை போட்டு முடித்துத் திரும்பப் படுத்துக் காலை உயர்த்தியதும் அவள் எழுந்து நின்றாள்.

"யக்கா, இன்னொருக்க எறக்குங்க பாப்போம்."

பேராச்சி இறக்கினாள். முப்பிடாதி உட்கார்ந்தாள். உயர்த்தினாள், எழுந்தாள். கடைக்குப் போன் போட்டு, இப்ப வலிக்குதா, இப்ப விட்டுருச்சா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, "அப்ப ஒங்க காலுதான்" என்றாள், பக்கத்துத் தெருவில் தண்ணி வந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரி. சாயங்காலத் தேநீருக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்தது. அவள் காலிலிருந்து உருவிய நரம்பில்தான் இத்தனை வருடமாக இந்தத் தெரு நின்ற நிலையெல்லாம் சுருண்டு கிடந்தது, அதை எடுத்ததும் அடைப்பு விட்டுவிட்டது என்று சலூன்காரர் ஒரு விளக்கம் சொன்னார். அதைவிட நல்ல விளக்கம் யாரிடமும் இல்லாததால் அதையே எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

கிழக்கே வாய்க்கால் பாலம், மேற்கே ரயில்வே கேட், அதற்குள்தான் அவள் காலின் ஆட்சி. கேட்டைத் தாண்டி அந்தப்பக்கம் ஒரு எட்டு வைத்தால் வலி பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது. அதனால் கேட்டுக்கு இந்தப்பக்கம் வீட்டு வாடகை ஏறியது. அந்தப்பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார்கள் இந்தப்பக்கம் மாற்றல் கேட்டு மனுப்போட்டார்கள். வழுக்கிவிழுந்து இடுப்பு ஒடிந்த ஒருவர் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்தார், நிற்கிற வலிக்குத்தான் கேட்கும், விழுந்த வலிக்குக் கேட்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பேராச்சி என்பது அம்மன் பெயரும் ஆனதால் சில பேர் வாசலில் மஞ்சள்தண்ணி தெளித்தார்கள், அவள் கட்டிலில் கிடந்தபடியே அவர்களை ஏசினாள், அம்மன் கோபப்படுகிறாள் என்று இன்னும் கொஞ்சம் தெளித்தார்கள். சங்கத்துக்குள்ளே, இதைப் பகுத்தறிவு ஏற்குமா என்று ஒரு நெடிய விவாதம் நடந்தது. கடைசியில் தலைவர், அது இடது கால்தான் என்பதால் கொள்கை அளவில் ஆட்சேபம் இல்லை என்று முடித்துவைத்தார்.

முதலில் எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. நீங்க நடக்கிற நேரத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நாங்கள் எதையாவது பிடித்துக்கொள்வோம் என்று பரோட்டா மாஸ்டர் வந்து கேட்டுக்கொண்டார், அதற்காக அணைஞ்சபெருமாள் காலை இறக்குவதற்கு முன்னால் வாசலில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார், துண்டைக் கண்டதும் தெருவில் ஒருவருக்கொருவர் கைகாட்டிச் சொல்லிக்கொண்டு கல்லையும் கத்தரியையும் அலமாரியையும் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம், இப்போதுதானே கட்டினீர்கள், அதற்குள் மறுபடியுமா என்று கேட்டார்கள். அப்புறம் குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் அவளைக் கட்டிலோடு தூக்கிப்போக, கால் மட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்ள, சுமை தூக்கும் தொழிலாளர்கள் முறைவைத்து வந்தார்கள். அப்புறம் தச்சர் ஒருவர் உத்திரத்தில் கப்பி மாட்டி, கயிறு போட்டு, அவள் தூங்கும்போதும் கால் சரியாதபடி கட்டிக்கொடுத்தார். சிவப்புத் துண்டு மடித்துப் பெட்டிக்குள் போயிற்று.

இதெல்லாம் பேராச்சிக்குப் பிடித்திருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆலோசகரான பிறகு அந்த வீட்டு வாசலில் மூன்றாவது ஜோடிச் செருப்பு கிடந்ததில்லை. இப்போது செருப்பு மிதித்துத்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. எத்தனையோ வருடம் நின்று, கத்தி, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வந்து, அவளால் கொடுக்க முடியாத ஒன்றை இப்போது படுத்துக்கொண்டே கொடுக்கிறாள். அவள் பேச்சை நடுவில் நிறுத்தியவர்கள் அவள் காலைப் பார்த்துக் கைகூப்பினார்கள். காலுக்குக் கும்பிடு வேண்டாம் என்று அவள் சொன்னாள். சொன்ன குரலில் கறார் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

"நடக்கணும்ளா" என்பார் அணைஞ்சபெருமாள், காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு. கட்டைப் பிரித்த பிறகு போடவேண்டிய இறுக்கமான காலுறை அது. தலையணைக்கு உறை மாட்டவே திணறுகிற மனிதர் அதை அவள் காலில் ஏற்றுவதற்கு ஒரு பஸ்ஸை மலைமேல் ஏற்றுகிற பாடு படுவார். பாதி ஏறியதும் வாசலில் யாராவது வந்துவிடுவார்கள். நாளைக்கு நடக்கலாம் என்பாள் அவள்.

ஐந்துமாடிக் கடை முதலாளி வைரவநாதன் நேரிலேயே வந்தார். ஊருக்கே அவர் அண்ணாச்சி. பின்னால் ஆட்கள் இலவம்பஞ்சுத் தலையணைகளையும், ஆப்பிள் கூடையையும், மின்வெட்டில் அவளுக்குப் புழுங்காமல் இருக்க ஒரு இன்வெர்ட்டரையும் தூக்கி வந்தார்கள். ஒரு காலத்தில் ஏ பிள்ளை என்றும், பிறகு அந்தப் பொம்பளை என்றும், வழக்கு நடந்த வருடங்களில் எதிர்த்தரப்பு என்றும் அவளைச் சொன்னவர், இப்போது தாயி என்றார். ஆடி முடியும்வரை காலை இறக்காமல் பார்த்துக்கொண்டால் புண்ணியமாகப் போகும், பெண்கள் எல்லாம் பம்பரமாகச் சுற்றுகிறார்கள், நானே இப்போது ஐந்து மாடியையும் காலால்தான் ஏறி இறங்குகிறேன் என்றார்.

பேராச்சி காலை ஆட்டாமல் கேட்டாள். "ஸ்டூலு?"

"எதுக்குத் தாயி?" அண்ணாச்சிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "வலிதான் இல்லையே."

பதில் இல்லாமல் அவள் நின்றதே கிடையாது, படுத்திருந்ததும் இதுதான் முதல் தடவை. அந்த வாரக் கடைசியில் சங்கத் தலைவர் பொன்னாடையோடு வந்தார். தோளில் போடுவதா எங்கே போடுவதா என்று சற்றுக் குழம்பி, உயர்ந்து நின்ற காலில் போர்த்திக் கைதட்டிவிட்டு, ஒரு சந்தோஷச் செய்தி சொன்னார்: தோழர் பேராச்சி அவர்களின் காலினால் அவசியம் தீர்ந்துபோனபடியால், ஸ்டூல் கோரிக்கையைச் சங்கம் ஏகமனதாகக் கைவிட்டுவிட்டது. முப்பிடாதியும் கை தூக்கியிருந்தாள். காலுக்கு அடியில், இலவம்பஞ்சுக்கும் அடியில், துண்டறிக்கைக் கட்டுகள் ஒரு பக்கமாகச் சரிந்தன.

அதன் பிறகு நடந்ததெல்லாம் யாரும் அதட்டாமலே நடந்தது. வலியில்லாதவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை எதற்கு இவ்வளவு என்று கடைகள் அதைப் பாதியாக்கின, பெண்களும் சரி என்றார்கள். கடை சாத்துகிற நேரம் தள்ளிப்போனது, அதற்கும் சரி என்றார்கள். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஆய்வாளர் வந்தபோது இறக்கிவைக்க வேண்டிய ஸ்டூல்களை இறக்கக்கூட இல்லை. அவரும் இரண்டாம் மாடிவரை நடந்து பார்த்துவிட்டு, கால் வலிக்கவே இல்லையே என்று வியந்துகொண்டு போனார்.

ஆடிப் பெருக்குக்குப் பிந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குப் போகிற வழியில் முப்பிடாதி தலை காட்டினாள். சந்தோஷமாக இருந்தாள், மல்லிகைப்பூ வைத்திருந்தாள். பட்டுப் பிரிவில் கூட்டம் தாங்கவில்லை, நாலு நாளாக ஒரு நிமிஷம் உட்காரவில்லை, ஆனால் பாருங்கள், ஒன்றுமே தெரியவில்லை என்றாள். படுத்துக் கிடக்கிறவளுக்கு வருகிறவர்களின் முகத்தைவிடக் கால்தான் பக்கத்தில் தெரியும். பேராச்சி அவள் கணுக்காலைப் பார்த்தாள். தன் காலில் இத்தனை வருடம் பார்த்த அதே நீலம், சேலைக் கரைக்குக் கீழே முண்டும் முடிச்சுமாக ஏறிக்கொண்டிருந்தது. கணுக்கால் தோல் கறுத்து மினுங்கியது. கறுத்த இடத்தில் ஒரு புண் வாய் திறந்திருந்தது. செருப்பு நனைந்திருந்தது.

"ஏட்டி, செருப்புல என்ன அது?"

முப்பிடாதி குனிந்து பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். யாரோ அவள் காலில் கொட்டிவிட்டுப் போனதுபோலப் பார்த்தாள். "வலிக்கலையே யக்கா" என்றாள்.

பேராச்சி கயிற்றில் கட்டிய தன் காலை, பல நாளுக்குப் பிறகு, ஊருக்குச் சொந்தமானதாக இல்லாமல் தன்னுடையதாகப் பார்த்தாள். கெண்டைக்கால் கல்லாகக் கனத்துக் கிடந்தது. டாக்டரம்மா சொன்னது முழுக்க நினைவுக்கு வந்தது. அந்தக் கல் நகர்ந்தால் எங்கே போகும் என்பதும் நினைவுக்கு வந்தது. இந்தத் தெருவிலே எத்தனை பெண்கள், எத்தனை செருப்பு, யாரும் குனிந்து பார்க்காமல்.

"ஏங்க, அந்தக் காலுறைய எடுத்துட்டு வாங்க. கயிற அவுத்து விடுங்க."

முப்பிடாதிக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் குறுக்கே வந்து நின்றாள். ஆடி முடியட்டும் என்றாள், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எள் போட்டால் விழாது, இன்றைக்கு வேண்டாம் என்று கெஞ்சினாள். கெஞ்சிப் பலிக்காதபோது அவள் வாயும் மாறியது. "நீங்க மெத்தையில படுத்துக்கிட்டு இருக்கீய, ஒங்களுக்கு என்ன. நாங்கல்லா நிக்கணும். வலி இல்லாம ஒரு மாசம் இருந்தா ஒங்களுக்குப் பொறுக்கலையோ? எங்களுக்காகப் போராடுனேன் போராடுனேன்னு சொல்லுவியளே, இதானா அது?"

அணைஞ்சபெருமாளுக்குக் கோபம் வந்தது. பேராச்சிக்கு வரவில்லை. அவளையே அவள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கூலியைக் கேட்டு வாங்கித் தருகிறவர்கள் உண்டு, உரிமையைக் கேட்டு வாங்கித் தருகிறவர்கள் உண்டு, சனங்களுக்கு வலியைத் திருப்பிக் கொடுத்த சங்கக்காரி என்று உலகத்தில் ஒருத்தி இருந்திருப்பாளா. தெரு முழுக்க அவளை ஏசும், செருப்பெல்லாம் வாசலைவிட்டுப் போகும், மறுபடியும் அவள் ஆலோசகர்.

"ஒனக்கு வலிதாம்ட்டி போயிருக்கு" என்றாள். "காலு கெட்டுக்கிட்டேதான் இருக்கு. முன்ன அழுதுக்கிட்டே கெட்டுச்சு. இப்பம் சத்தமில்லாம கெடுது. இது யாருக்கு வசதின்னு நீயே சொல்லு."

முப்பிடாதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு காலை நொண்டாமலே, கடைக்குப் போய்விட்டாள்.

காலுறை ஏற வெகுநேரம் ஆனது. விரலில் தொடங்கி, குதிகாலைத் தாண்டி, சுருக்கம் இல்லாமல் முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டு, அணைஞ்சபெருமாள் வேர்த்துப்போய் நிமிர்ந்தபோது உச்சிவெயில் இறங்கியிருந்தது. பெட்டியிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து வாசலில் கட்டிவிட்டு வந்தார். அதைப் பார்க்கிற பழக்கம் தெருவுக்கு விட்டுப்போயிருந்தது; யாரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

பேராச்சி காலைத் தரையில் வைத்தாள்.

தெருவுக்கு வலி வந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை, எப்போதும் இருந்ததுதான். ஆனால் அதைத் தாங்குகிற பழக்கம் போயிருந்தது. அவர்களுடைய தாயும் தாயின் தாயும் நின்று நின்று கற்றுக்கொடுத்திருந்த அந்தப் பல்லைக் கடிக்கிற வித்தையை அவர்கள் இந்த இடைவெளியில் மறந்துபோயிருந்தார்கள். ஆகவே மருதவாய்க்கால் கடைத்தெரு, ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையின் உச்சக் கூட்டத்தில், முழங்கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்தது. பரோட்டா மாஸ்டர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். போலீஸ்காரர் நாற்சந்தி மேடையில் உட்கார்ந்து உட்கார்ந்தபடியே கைகாட்டினார், வண்டிகள் அதற்கும் நின்றன. சலூன்காரர் வாடிக்கையாளரை எழுப்பிவிட்டு அந்தச் சுழல் நாற்காலியில் தான் உட்கார்ந்தார், பாதி முகச்சவரத்தோடு அந்த ஆள் பக்கத்தில் நின்றார்.

ஐந்துமாடிக் கடையின் பட்டுப் பிரிவில், வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையின்மேல், விரித்த சேலைகளுக்கு நடுவே, வாடிக்கையாளர்களுக்கு எதிரே, பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. யாரும் தீர்மானம் போடவில்லை. எழுந்திருங்க, எழுந்திருங்க என்று வைரவநாத அண்ணாச்சி மாடிப்படியிலிருந்து சத்தம் போட்டார். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தே பழகிய மனிதர் இந்த ஒரு மாதம் வலியில்லாத தெம்பில் ஐந்து மாடியும் ஏறி இறங்கியிருந்ததால், சத்தம் போடும்போதே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்திருந்த ஒரு அம்மா, தன் எதிரே காலை நீட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த முப்பிடாதியைப் பார்த்தாள், அவள் கணுக்காலையும் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நல்லா உக்காந்துக்கோம்மா. உக்காந்தே காட்டு. சேல எங்க ஓடியா போவப்போவுது."

முப்பிடாதி உட்கார்ந்தே காட்டினாள். அரக்குக்கு மாம்பழ நிறக் கரை போட்ட சேலையை மடியில் போட்டு விரித்துக் காட்டினாள், அந்த அம்மா அதை எடுத்தாள், மருமகளுக்கும் ஒன்று எடுத்தாள். அன்று பட்டுப் பிரிவில் எப்போதும்போலத்தான் விற்றது. விற்கிறவள் உட்கார்ந்தாள், வியாபாரம் படுக்கவில்லை. கடை கட்டிய நாள் முதலாக நம்பிக்கொண்டிருந்த ஒன்று இவ்வளவு சாதாரணமாகப் பொய்யாகிப்போனதை அண்ணாச்சி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்திருக்க முடியாமல், கிட்டங்கியிலிருந்து ஸ்டூல்களை இறக்கச் சொல்லி ஆளுக்குக் குரல் கொடுத்தார். முதல் ஸ்டூலைத் தனக்குத்தான் கேட்டார் என்றும் சொல்கிறார்கள்.

பிற்பாடு, டாக்டரம்மா பேராச்சியின் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்து, கருவி வைத்துப் பார்த்து, ரத்தம் கட்டவில்லை, மயிரிழையில் தப்பினீர்கள் என்று சொல்லி, அதற்குப் பிறகு கால்மணி நேரம் விடாமல் ஏசினாள். அணைஞ்சபெருமாளுக்கு அந்த ஏச்சு நாதசுரம்போல இருந்தது. முப்பிடாதி காலுக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள், அவளுக்குப் பின்னால் தெருவே வரிசையாக வந்து காலைக் காட்டியது. இறக்கிய ஸ்டூல்களைத் திரும்ப ஏற்ற யாரும் துணியவில்லை. சங்கத் தலைவர் இதைச் சங்கத்தின் நீண்டகாலத் திட்டத்தின் வெற்றி என்று சுவரொட்டி அடித்தார். இப்போதும் கடைகள் சாத்திய பிறகு பேராச்சி காலை உயர்த்தி வைத்தால் ஊருக்கு நல்ல தூக்கம் வருகிறது என்கிறார்கள். அதில் எந்த முதலாளிக்கும் லாபம் இல்லாததால் யாரும் அதைப்பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஆனால் அன்று மத்தியானம் இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் அவள் வாசலில் இறங்கினாள். கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கல்லாக இருந்த கால் ஒவ்வொரு எட்டிலும் சற்று இளகுவதை உணர்ந்துகொண்டு, தெருமுனை திரும்பியபோது, வாழ்நாளில் முதன்முறையாக அந்தக் கடைத்தெருவின் முழு நீளத்தையும் தலைகள் மறைக்காமல் பார்த்தாள். எல்லாத் தலையும் கீழே இருந்தது. அவள் எத்தனையோ வேலைநிறுத்தம் நடத்தியிருக்கிறாள், கடையடைப்பு நடத்தியிருக்கிறாள், இவ்வளவு பெரியது ஒன்று நடத்தியதில்லை. இதையும் அவள் நடத்தவில்லை. யாரும் அவளை ஏசவில்லை. பரோட்டா மாஸ்டர் மட்டும் டின்னில் உட்கார்ந்தபடி, "என்ன தோழர், சொல்லாம எறக்கிட்டிய" என்றார், கல்லில் இருந்ததைத் திருப்பிப்போட்டுக்கொண்டே.

ஐந்துமாடிக் கடை வாசலுக்கு வந்து, ஒரு காலத்தில் தன்னை வெளியே தள்ளிய அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, பட்டுப் பிரிவுக்குப் போனாள். ஸ்டூல்கள் அப்போதுதான் தூசியோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. முப்பிடாதி அவளைப் பார்த்தாள். காலையில் பேசியதெல்லாம் அவள் முகத்தில் வந்து போயிற்று. மெத்தையிலிருந்து கையூன்றி எழுந்து, ஒரு ஸ்டூலை இழுத்து, முந்தானையால் தூசி தட்டி, பேராச்சிக்கு முன்னால் வைத்தாள்.

"நாங்க உக்காந்தாச்சு யக்கா. இனி நீங்களும் உக்காரலாம்."

வரிசையில் இருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். மேடைகளில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றதைத் தாங்கள் கண்டதாகவோ தங்கள் தாய் கண்டதாகவோ அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. பேராச்சி ஸ்டூலைத் தொட்டுப் பார்த்தாள். அசைத்துப் பார்த்தாள், கால் ஆடவில்லை, கெட்டியாகத்தான் செய்திருந்தார்கள். அணைஞ்சபெருமாள் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்.

"எனக்கு உக்கார நேரமில்லட்டி" என்றாள் பேராச்சி. "டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்கா." அப்புறம், முதுகு பிடித்துப்போய் நின்றுகொண்டிருந்த கணவரின் தோளை அழுத்தி அந்த ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு, ஐந்துமாடிக் கடையின் நீளத்துக்கு, உட்கார்ந்திருந்த பெண்களின் ஒரு வரிசை விடாமல், அவள் மட்டும் நடக்கத் தொடங்கினாள்.